பாதி ரோட்டில் நின்றவள்

என் செல்வி அக்காவுக்கு,

நல்லா இருக்கிறாயா என்றுதான் கேட்க வருகிறது. போனவளிடம் கேட்கிற கேள்வியா அது என்று நீயே சிரிப்பாய். நீ போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. மகளிர் குழுவுக்கும் ஊருக்கும் மனு எழுதிக் கொடுக்கிற இந்தக் கைக்கு, உனக்கு நாலு வரி எழுத இத்தனை நாள் துணிவு வரவில்லை. எல்லாம் பயம்தான். உன் தங்கச்சியைப் பற்றி உனக்குத் தெரியாததா?

முதலில் உன் பொண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஜீவிதா ஒன்பதாவது வந்துவிட்டாள். உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள், வாயில் உன்னையும் என்னையும் சேர்த்துத் தாண்டிவிட்டாள். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியைப் பிடுங்கிவிட்டோம். மாமா கடலுக்குப் போனாலும் கரையில் இருந்தாலும் அவள் என்னிடம்தான் சாப்பிடுகிறாள், என்னிடம்தான் சண்டை போடுகிறாள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கறுப்புச் சைக்கிள், முன்னால் கம்பிக் கூடை. வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மணி அடித்துக்கொண்டு வர, இவள் தள்ளிக்கொண்டு வந்தாள், ஏனென்றால் நான் பக்கத்தில் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டில் காலோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். கேட்டதற்கு, வெளியே விட்டால் திருடு போய்விடும் என்றேன்.

"கட்டிலு காலுல கட்டி வச்சிருக்கியே, அது இன்னா கன்னுக்குட்டியா சித்தி?" என்றாள்.

திருடன் யார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடலூர் ரோடுதான் அந்தத் திருடன். குப்பம் ரோட்டுக்குக் கிழக்கே, பள்ளிக்கூடம் மேற்கே. நடுவில் காலையிலிருந்து ஓயாமல் லாரியும் பஸ்ஸும். கிருமாம்பாக்கம் தாண்டி நம் ஸ்டாப்பிங் வருகிற இடத்தில் ஒரு வண்டியாவது வேகத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறாயா? இன்றைக்கும் அப்படித்தான்.

நீ போனதிலிருந்து அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன். ஒன்பதாவது படிக்கிற பொண்ணை மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிடித்துக்கொண்டு போகும்போதே கை வேர்த்து அவள் கை நழுவுகிறது. அப்புறம் மீன் கூடையோடு ஊர் சுற்றும்போது, எங்காவது பிரேக் சத்தம் கேட்டால் எடை போட்ட மீனை மறுபடியும் தட்டிலேயே போட்டுவிடுகிறேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு திரும்புவாள். நாலரை மணிக்கு அவள் பை தெருமுனையில் தெரிகிறவரை எனக்குத் தண்ணீர் இறங்குவதில்லை.

ஆடி மாசத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு போய்க்கொள்கிறேன் என்று அவள் கிளம்பிவிட்டாள். படுத்திருக்க முடியவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். பெட்டிக்கடை ஓரமாக மறைந்து நின்று பார்த்தேன்.

ரோட்டோரத்தில் நின்றவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஒரு லாரி போனது, உதடு அசைந்தது. ஒரு பஸ் போனது, உதடு அசைந்தது. இன்னொரு லாரி போனதும் தலையைக் குனிந்துகொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், ஒரே ஓட்டமாக ரோட்டின் ரெண்டு பாதியையும் தாண்டி ஓடினாள். கடலூர்ப் பக்கமிருந்து பைக்கில் வந்தவன் திட்டிக்கொண்டே வளைந்து போனான். கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

அவள் என்ன எண்ணினாள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா அக்கா? பெரிய அலை மூன்று அடுத்தடுத்து வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும், அந்த அடங்கலில் படகைத் தள்ளணும். தள்ளிவிட்டால் பாதியில் தயங்கக் கூடாது. தயங்கினால் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். நம் குப்பத்தில் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கற்றுக்கொள்வது இது. கடலில் சரிதான். ரோட்டிலும் நாம் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். மூன்று பெரிய வண்டி போகட்டும், அப்புறம் ஓடு, பாதியில் நிற்காதே. ரோட்டுக்கு மேற்கே இருக்கிற ஊர்க்காரன் ரோட்டைத் தாண்டுவதற்கும் குப்பத்துக்காரி தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். லாரிக்கு அலையைப் போல முறை கிடையாது என்பது நமக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் கேட்டேன், "யாருடி உனக்கு இப்படி எண்ணக் கத்துக் குடுத்தது?"

"அம்மாதான். ரெண்டாவது படிக்கும்போது," என்றாள். "மறக்கவே இல்ல சித்தி."

அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். நான் அடுப்பங்கரைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

இந்தச் சமயத்தில்தான் ரோட்டை அளக்க ஓர் இன்ஜினியர் பொண்ணு வந்தது. நீளக் கம்பில் சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டே குப்பத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தது. உள்தெருவில் சாக்கடை மேல் சிலாப் போட்டு நடைபாதை, சைக்கிள் போக ஓரத்தில் தனி வழி, கடலூர் ரோட்டைத் தாண்ட ஒழுங்கான கடவை, இப்படி ஒரு திட்டமாம். மனு எழுதுகிறவள் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்து, "அக்கா, ஊர்க்காரங்கள ஒரு மத்தியானம் உக்கார வைக்க முடியுமா?" என்று கேட்டது. அக்கா என்று என்னை யாராவது கூப்பிட்டால் இப்போதும் நான் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

மீன் ஏலக் கூடத்தில் உட்கார்ந்தோம். பஞ்சாயத்தார் முன்னால், ஆம்பிளைகள் நடுவில், நாங்கள் வழக்கம்போலக் கூடைகளோடு பின்னால். காலையில் கழுவி விட்ட சிமெண்டுத் தரை காய்ந்திருந்தது. அந்தப் பொண்ணு சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே ரோட்டைப் போட்டது. இது பாண்டியிலிருந்து வருகிற பாதி, இது கடலூரிலிருந்து வருகிற பாதி. நடுவில் ஒரு பெட்டி வரைந்து, "முதல் பாதியத் தாண்டி வந்து இதுல நிக்கணும். இடது பக்கம் திரும்பி, எதிர்ல வர்ற கடலூர் வண்டியப் பாத்துக்கிட்டே நாலடி நடக்கணும். அப்புறம் அடுத்த பாதி," என்றது.

கூடமே சிரித்தது.

"ரோட்டு நடுவுல நிக்கறதுக்கு நாங்க இன்னா சிலையா?" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

பஞ்சாயத்தாரில் மூத்தவர் எழுந்தார். "பாதியில நின்னா கவுந்துடும்மா. எங்க பொம்பளைங்க நேரா போயி நேரா வருவாங்க. நேரா வழி விடு, போதும்."

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். எல்லோரையும் விடச் சத்தமாக நான் சொன்னேன். "நடுவுல நிக்கற பேச்சே வேணாம். நேரா விடுங்க." அந்தச் சாக்பீஸ் பெட்டியைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

அந்தப் பொண்ணு கோபப்படவில்லை. "சரி. இங்க யாராவது ஒருத்தராவது நடுவுல நின்னு பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டது.

அக்கா, அப்போது என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நான் நின்னேன்."

நாலு வருஷம் யாருக்கும் சொல்லாததை அந்தக் கூடத்தில் நின்று சொன்னேன். உனக்கும் இப்போது சொல்கிறேன். உனக்குத் தெரியும்தான், ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லையே.

அன்றைக்கு ரெண்டு பேர் தலையிலும் அன்னக்கூடை. உன்னுடையதில் சங்கரா, என்னுடையதில் மத்தி. மூன்று வண்டி எண்ணினாய், வாடி என்றாய், இறங்கினோம். நடுச்சுவரில் இருந்த திறப்புக்கு வந்தோம். கடலூர்ப் பக்கமிருந்து ஒரு வேன் வருவது தெரிந்தது. நான் நின்றுவிட்டேன். சுவரின் முனையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். நீ அதற்குள் ரெண்டு அடி இறங்கிவிட்டாய். நான் வரவில்லை என்று தெரிந்து திரும்பினாய். "நிக்காதடி பயந்தாங்கொள்ளி, வாடி," என்றாய். திரும்பாமல் ஓடியிருந்தால் நீ ரோட்டைத் தாண்டியிருப்பாய். என்னைக் கூப்பிடத் திரும்பியதில்தான் அந்த ஒரு நொடி போய்விட்டது.

வேன்காரன் வேகம் என்று எல்லோரும் சொன்னார்கள். விதி என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்று நான்தான் உன்னைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டேதான் உன் பொண்ணுக்குத் தலை பின்னினேன், சோறு போட்டேன். அந்தத் திறப்பு கேட்டு மனு எழுதியதும் இந்தக் கைதான். மீன்காரிகள் வெயிலில் சுற்றிப் போகிறார்கள், சுவரில் வழி விடுங்கள் என்று எழுதினேன். வழி கேட்கத் தெரிந்த எனக்கு நிற்க ஓர் இடம் கேட்கத் தெரியவில்லை.

இவ்வளவையும் கூடத்தில் சொல்லி முடித்தபோதுதான் வாசலில் ஜீவிதா நிற்பதைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறாள். தோளில் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. உன் கண்ணை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பூமி பிளக்காதா என்று இருந்தது. இனி இவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா? என் கையால் சாப்பிடுவாளா? சைக்கிளுக்குப் பயந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது அப்போது.

இன்ஜினியர் பொண்ணு மெதுவாகக் கேட்டது. "நீங்க நின்ன எடம் எவ்ளோ அகலம் இருந்துச்சுக்கா?"

"ஒரு ஆளு முதுக ஒட்டி நிக்கலாம். அவ்ளோதான்."

"ரெண்டு பேரு நிக்க எடம் இருந்திருந்தா?"

மாமா எழுந்தார். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர். என் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய் அந்தச் சாக்பீஸ் பெட்டிக்குள் நின்றார். ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"பத்தாது. கூடையத் தூக்கிகினு ரெண்டு பேரு நிக்கணும். சைக்கிளும் நிக்கணும்," என்றார். "மல்லிகா, வூட்டுல சைக்கிளு இருக்குதுல்ல? எடுத்தாரச் சொல்லு."

சாவி எங்கே என்று நான் சொல்வதற்குள் ஜீவிதா ஓடிவிட்டாள். மிளகாய்த்தூள் டப்பாவில் இருப்பது முதல் நாளே அவளுக்குத் தெரியுமாம். தும்மிக்கொண்டே சைக்கிளோடு வந்தாள். தரையில் போட்ட பெட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்சக்கரம் கோட்டுக்கு வெளியே, வண்டி வருகிற பாதியில் நீட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த மூத்தவரே சாக்பீஸை வாங்கிக் குனிந்தார். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடும்மா," என்று அவரே கோட்டை நீட்டினார். பின்னாலிருந்து ரெண்டு பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து சைக்கிளுக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். இடித்தது. இன்னும் தள்ளினார்கள். இன்ஜினியர் பொண்ணு டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஜீவிதா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போகப் பயந்து வாசற்படியிலேயே நின்றேன். அவள்தான் பேசினாள்.

"நீ நின்னதுனாலதான நீ இருக்க?"

"ம்."

"அப்பறம் இன்னா," என்றாள். "அம்மாவும் நின்னிருக்கணும். பம்ப் எங்க இருக்குது சித்தி? பின்னால காத்து இல்ல."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பம்பைத் தேடுகிற சாக்கில் நான் அழுதேன். அவள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள். மாமா இன்னும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஆனால் கரைக்கு வருகிற நாளில் முன்போலவே குழம்புக்கு மீன் எடுத்து என் வாசலில் வைக்கிறார். அது போதும் எனக்கு.

வேலை முடிய மழைக்காலம் தாண்டிவிட்டது. உள்தெரு நடைபாதை போட்ட மறுநாளே நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுத்தமான சிமெண்டு, நல்ல வெயில் என்று சொல்லி முழுநீளத்துக்கும் கருவாடு காய வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பழையபடி ரோட்டில் இறங்கி நடந்தன. நான் போய்க் கத்தினேன். "நீ காய வக்கலயா?" என்று கேட்டார்கள். ஒரு ஓரத்தில் என் நெத்திலியும் கிடந்தது, மறைக்க முடியவில்லை. அதை அள்ளிக்கொண்டு வந்து கூரை மேல் போட்ட பிறகுதான் மற்றவர்களைக் கேட்க எனக்கு வாய் வந்தது. இப்போது சைக்கிள் வழியில் யாரும் காயப் போடுவதில்லை. நடைபாதையில் மட்டும் அப்படியும் இப்படியும் கொஞ்சம் கிடக்கும்.

ரோட்டில் கடவைக்கு முன்னால் மேடு போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். விளக்குக் கம்பம் நட்டார்கள், விளக்கு இன்னும் வரவில்லை. அதற்கு ரெண்டு மனு எழுதிவிட்டேன், மூன்றாவது எழுதப் போகிறேன். வெள்ளைக்கோட்டைப் பார்த்து நிற்கிற வண்டியும் உண்டு, பார்க்காத மாதிரி போகிற வண்டியும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

போன திங்கட்கிழமை முதல் தடவையாக அவள் சைக்கிளோடு கிளம்பினாள். நானும் கூடையோடு கூடவே போனேன். முதல் பாதியைத் தாண்டினோம். நடுவில் கம்பி கட்டிய அந்த இடத்துக்குள் வந்து நின்றோம். சைக்கிள் முழுசாக உள்ளே இருந்தது. பின்சக்கரத்தை நான் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அக்கா, அது அதே இடம். சுவரின் முனையை இடித்துவிட்டுத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் பாண்டி வண்டிகள், முகத்துக்கு நேரே கடலூர் வண்டிகள். லாரிக்காற்றில் முந்தானை ஒரு பக்கம் இழுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் சத்தம் எனக்குக் கேட்டது. "நிக்காதடி பயந்தாங்கொள்ளி, வாடி." காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒரு கால் தானாகக் கிளம்பிவிட்டது.

பக்கத்தில் ஜீவிதா வாய்க்குள் எண்ணுவது கேட்டது. ஒன்று, ரெண்டு.

"எண்ணாதடி," என்றேன். "வண்டியப் பாரு."

"நீ மொதல்ல கண்ணத் தொற சித்தி," என்றாள்.

திறந்தேன். இடது பக்கம் திரும்பி நாலடி நடந்தோம். ஒரு பஸ் போனது, ஒரு டிராக்டர் போனது. மேடு ஏறும்போது ஒரு கார் வேகம் குறைத்து நின்றது. அப்போதும் நான் அவள் சைக்கிள் கேரியரை விடவில்லை. இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் விட்டேன். அவள் தள்ளிக்கொண்டே போய் அந்தப் பக்கம் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் மணி அடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. தினமும் காலையில் எட்டேகாலுக்குச் சைக்கிள் பிரேக்கை ரெண்டு தடவை அழுத்திப் பார்க்கிறேன். ஆனால் நீ கேலி செய்த அந்தப் பயத்துக்கு இப்போது நிற்க ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பயம்தானே அன்றைக்கு என்னைச் சுவரோடு ஒட்டி வைத்தது? அதைக் கொஞ்சம் உனக்கும் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்போதுதான் அக்கா, என்னால் தாங்க முடிவதில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பொண்ணு பள்ளிக்கூடம் முடிக்கிறவரை தினமும் அந்த இடத்தில் அவளோடு நான் நிற்பேன். நம் குப்பத்துப் பிள்ளை எது எண்ணிக்கொண்டு ஓடி வந்தாலும் பிடித்து நிறுத்துவேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து வாடி என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பாய், எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாதே. இப்போதைக்கு வர மாட்டேன்.

பாதியிலேயே நிற்கும் உன் தங்கச்சி,
ஜீவிதாவுக்குச் சித்தி,
மல்லிகா